பழைய டீசல் பிக்அப் குறைந்த வேகத்தில் இழுக்காதபோது காரணத்தைக் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தாலும் வண்டி மெதுவாகவே நகர்கிறது. 2,000 ஆர்.பி.எம். தாண்டிய பிறகு ஓரளவு வேகம் எடுக்கிறது. மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியரில் திணறுவதால் மறுபடியும் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் சுமை ஏற்றி ஓடிய டீசல் பிக்அப்களில் இது அடிக்கடி வரும் புகார். போலேரோ பிக்அப், டாடா செனான் போன்ற, டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய நான்கு சிலிண்டர் டீசல் வண்டிகளை வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிக்கும் காமன் ரெயில் வண்டிக்கும் (டீசல் ஒரு பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் சேர்ந்து, கணினியின் கட்டளைப்படி தெளிக்கப்படும் வகை) சோதனை வேறுபடும் இடங்களைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

இந்தக் கோளாறு குறைந்த வேகத்தில் மட்டும் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வெளியேறும் புகையின் விசை குறைவு என்பதால் டர்போ அப்போதுதான் காற்றைத் தள்ளத் தொடங்குகிறது. டீசல் பம்பும் குறைந்த அளவையே தள்ளுகிறது. அந்த நிலையில் ஒரு ஹோஸில் உள்ள சிறு வெடிப்போ, முழுதாக மூடாத ஒரு வால்வோ இழுவையில் பாதியைத் தின்றுவிடும். ஆர்.பி.எம். ஏறியதும் டர்போவும் பம்பும் கூடுதலாகத் தள்ளி அந்தக் குறையை மறைத்துவிடுகின்றன. ஆகவே பெரும்பாலான வண்டிகளில் நீங்கள் தேடுவது ஒரு பெரிய உடைப்பை அன்று, சிறிய கசிவையோ அடைப்பையோதான்.

புதியவர்கள் பெரும்பாலும் விலை கூடிய பாகத்திலிருந்து தொடங்குகிறார்கள். டர்போவை மாற்றி, டீசலைத் தெளிக்கும் நாசில்களைப் பம்ப் கடைக்கு அனுப்பி, அதன் பிறகும் வண்டி இழுக்காதபோதுதான் பின் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது தெரிய வருகிறது. கீழே உள்ள வரிசையில் ஒவ்வொரு படியும் அடுத்த படியின் முடிவை நம்பத் தகுந்ததாக்குகிறது. அதனால் இடையில் எதையும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, அதோடு வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அடைகொடுக்க மரக்கட்டைகள், டார்ச், டயர் காற்றழுத்தமானி, சோப்பு நீர், மல்டிமீட்டர் ஆகியவை அடிப்படைத் தேவைகள். இவற்றோடு 0 முதல் 2 பார் வரை காட்டும் ஒரு பிரஷர் கேஜ், கையால் இயக்கும் வேக்குவம் பம்ப், டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் ஒரு மீட்டர் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். காமன் ரெயில் வண்டியாக இருந்தால் நேரடி அளவுகளைக் காட்டும் ஸ்கேனர் தேவை. கோடுகளை (வண்டியின் கணினி பதிவுசெய்யும் கோளாறுக் குறியீடுகள்) மட்டும் படிக்கும் மலிவான கருவி போதாது.

வண்டியின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் இன்னும் நல்லது. நான் கீழே தரும் எண்கள் இந்த வகை எஞ்சின்களுக்குப் பொதுவானவை. மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

## 2. கோளாறை அளந்து எழுதிக்கொள்ளுதல்

போக்குவரத்து இல்லாத ஒரு சமதளச் சாலையையும் ஒரு ஏற்றத்தையும் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாம் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50 கிலோமீட்டரை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை உடன் வருபவர் ஒருவர் குறிக்கட்டும். பளு எவ்வளவு இருந்தது, ஏ.சி. ஓடியதா என்பதையும் எழுதுங்கள். இனி ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் இதே சாலையில் இதே பளுவோடு ஓட்டி ஒப்பிட வேண்டும். காலையில் வெறும் வண்டியாகவும் மாலையில் சுமையோடும் ஓட்டிவிட்டு முன்னேற்றத்தைக் கணிக்க முயல்வது புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு.

பளுவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டிய சுமையோடு மெதுவாக நகரும் வண்டியில் கோளாறே இல்லாமல் இருக்கலாம்.

காமன் ரெயில் வண்டியில் எந்த இணைப்பையும் கழற்றுவதற்கு முன் ஸ்கேனரில் உள்ள கோடுகள் அனைத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நீங்கள் சென்சர்களைக் கழற்றும்போது புதிய கோடுகள் பதிவாகும்; எது பழையது, எது உங்களால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

## 3. புகையின் நிறத்தைப் பார்த்தல்

ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது, பின்னால் பாதுகாப்பான தூரத்தில் வரும் ஒருவர் புகையைக் கவனிக்கட்டும். டீசல் எஞ்சினில் இதைவிடத் தகவல் தரும் இலவசச் சோதனை வேறு இல்லை.

கரும்புகை வந்தால் டீசல் போதிய அளவு போகிறது, அதற்கு ஈடான காற்று இல்லை என்று பொருள். 7, 8, 9 ஆகிய படிகளில் காரணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். புகையே இல்லாமல் இழுவையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை, அல்லது எஞ்சின் நலமாக இருந்து சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியில் வீணாகிறது; அப்போது 4, 5, 6, 11 ஆகிய படிகளில் கூடுதல் கவனம் செலுத்துங்கள். சூடான எஞ்சினிலும் வெண்புகை வந்தால் எரியாத டீசலோ, தவறிய டைமிங்கோ (டீசல் தெளிக்கப்படும் நேரம்), குறைந்த கம்ப்ரஷனோ (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) காரணமாக இருக்கலாம். நீலப் புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டுகிறது. பிஸ்டன் ரிங்குகளையோ டர்போவின் ஆயில் சீலையோ சந்தேகிக்க வேண்டும்.

நிறம் உங்களுக்குத் திசையை மட்டுமே காட்டும். கரும்புகை வந்தது என்பதற்காக நான்காம் படியைத் தாண்டிவிடாதீர்கள். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டியும் கூடுதல் பளுவால் கரும்புகை விடும்.

## 4. சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா

சில கிலோமீட்டர் தூரம், கூடியவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக நிற்க விடுங்கள். இறங்கி நான்கு சக்கர ஹப்களின் அருகிலும் கையைக் கொண்டு சென்று வெப்பத்தை ஒப்பிடுங்கள். தொட வேண்டாம், பிடித்துக்கொண்டிருக்கும் டிரம் தோலைச் சுட்டுவிடும். ஒரே அச்சில் இடது வலது சக்கரங்களுக்கு இடையே தெளிவான வேறுபாடு இருந்தால் சூடான பக்கத்தில் பிரேக் விடவில்லை.

பிறகு சமதளத்தில் அடைக்கட்டை வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டியிருப்பதால் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை அவசியம். கடினமாகச் சுழலும் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (பிரேக் லைனிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகு) சற்றே தளர்த்துங்கள். சிறிது பிரேக் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் உடனே விடுபட்டால் லைனில் அழுத்தம் சிக்கியிருக்கிறது: பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடில் சிறு இடைவெளி இல்லாமல் போயிருக்கலாம். நிப்பிளைத் தளர்த்தியும் விடுபடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன், டிரம்முக்குள் உள்ள வீல் சிலிண்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றில் ஒன்று துருவேறி இறுகியிருக்கும். மழைக்காலத்தில் சேற்றில் ஓடி நிறுத்தி வைக்கப்பட்ட வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கேபிளை முதலில் பார்ப்பது வழக்கம்.

பிளீடரைத் திறந்த பிறகு காற்றை வெளியேற்றி, பெடல் உறுதியாக இருப்பதைச் சரிபார்க்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

## 5. கிளட்ச், டயர், விசிறி

நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் குபீரென ஏறி, வேகமானி அதற்கு ஈடாக ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முதல் கியரில் இதைச் சோதிப்பதால் பயன் இல்லை. அந்தக் கியரில் வண்டி எளிதாக நகர்ந்துவிடுவதால் கிளட்சின் மீது விழும் சுமை குறைவு. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது தொடக்கத்தில் சிறிதும் தளர்வான அசைவு (ஃப்ரீ பிளே) இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்து மறுபடி சோதியுங்கள். பிளேட் நன்றாக இருந்தும் இந்த ஒரு காரணத்தால் வழுக்குவது உண்டு.

டயரின் பக்கச் சுவரில் உள்ள அளவைப் படியுங்கள். 215/75 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டரிலிருந்து 733 மில்லிமீட்டராகக் கூடும். நூற்றுக்கு நான்கு பங்கு உயர்ந்த கியர் விகிதத்தோடு வண்டி எப்போதும் புறப்படுவதற்கு இது சமம். வேகமானியும் அதே அளவு குறைத்துக் காட்டும்.

ரேடியேட்டர் விசிறியில் விஸ்கஸ் கப்ளிங் (சூடேறினால் மட்டும் விசிறியை எஞ்சினோடு பிணைக்கும் இணைப்பு) இருந்தால், எஞ்சின் அணைந்து குளிர்ந்திருக்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். இறுகிப்போன கப்ளிங் எப்போதும் பேரிரைச்சலோடு சுற்றி சக்தியை விழுங்கும்.

## 6. ஆக்ஸிலேட்டர் முழுதாகப் போகிறதா

மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்து, ஒருவர் பெடலைத் தரை வரை அழுத்தட்டும். நீங்கள் பம்பின் மேல் உள்ள லிவர் அதன் முழுத் தடுப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். நீண்டுபோன கேபிள், இடம் மாறிய தரை விரிப்பு, தேய்ந்த பெடல் புஷ் ஆகியவை எந்த ஸ்கேனரிலும் தெரியாத காரணங்கள்.

எலக்ட்ரானிக் பெடல் என்றால் ஸ்கேனரில் பெடலின் அளவு இடையே குதிக்காமல் சீராக 100 சதவீதத்தை நெருங்க வேண்டும்.

## 7. காற்று உள்ளே வரும் வழி

ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து டார்ச் ஒளியில் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், ஃபில்டர் பெட்டிக்கு முன்னால் உள்ள குழாயையும் கழற்றுங்கள். அதிக நாள் நின்ற வண்டிகளில் எலி கட்டிய கூடும் நெல் உமியும் அங்கேதான் இருக்கும். ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கையால் அழுத்துங்கள்; மென்மையாகிப்போன குழாய், எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உள்ளே சப்பிக்கொள்ளும், எஞ்சின் நின்றதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

சோதனைக்காக ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டர்போவின் விசிறி இதழ்களைக் குறுகிய தூரத்துப் புழுதியும் அரித்துவிடும்.

## 8. டர்போ அழுத்தம்

இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) அளவெடுக்கும் இணைப்பில் பிரஷர் கேஜை T வடிவ இணைப்பு வழியாகப் பொருத்தி, கேபினுக்குள் பார்க்கும்படி கொண்டுவாருங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால், 2,000 ஆர்.பி.எம். அளவில் முள் தெளிவாக எழுந்து, முழுப் பளுவில் பொதுவாக 0.7 முதல் 1.2 பார் வரை போகும். வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் முறுக்கினால் எஞ்சின் மீது பளு இல்லாததால் முள் பெரிதாக அசையாது. அதைப் பார்த்துவிட்டு டர்போவை மாற்றியவர்கள் உண்டு.

முள் எழவில்லை என்றால் முதலில் கசிவைத் தேடுங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் போகும் ஒவ்வொரு ஹோஸ் இணைப்பையும் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். கசியும் இடத்தில் ஆயில் ஈரம் மீண்டும் படியும். ஹோஸின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். உறுதிசெய்ய, டர்போவின் வாயை இறுக்கமான மூடியால் அடைத்து, 0.7 பாருக்கு மேல் போகாமல் காற்றுச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் ஊற்றுங்கள்.

அடுத்து, புகை வெளியேறும் பக்கம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் இடையே கரிக்கோடு தெரிந்தால் கேஸ்கட் போயிருக்கிறது அல்லது மேனிஃபோல்டில் விரிசல். டர்போவைச் சுற்ற வேண்டிய விசை அங்கேயே வெளியேறிவிடுவதால், ஏற்கெனவே விசை குறைந்த கீழ் ஆர்.பி.எம்.மில் இழப்பு பெரிதாகத் தெரியும்.

மூன்றாவதாக, டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ராடை நகர்த்தும் ஆக்சுவேட்டர். சாதாரண டர்போவில் வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையை டர்போவைச் சுற்றாமல் வெளியே விடும் கதவு) முழுதாக மூடாமல் சிக்கியிருந்தால் அழுத்தம் எப்போதும் நழுவிக்கொண்டே இருக்கும். எஞ்சின் குளிர்ந்தபின் ராடைக் கையால் அசைத்து, ஸ்பிரிங் அதை இறுக்கமாக மூடுகிறதா என்று பாருங்கள். புகை வரும் வழியில் உள்ள இதழ்கள் திரும்பும் வகை டர்போவில் நிலை வேறு. இதழ்கள் கரியால் திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் மேல் ஆர்.பி.எம்.மில் வண்டி நன்றாகவும் கீழே செத்ததுபோலவும் இருக்கும். வேக்குவம் ஆக்சுவேட்டர் உள்ள வண்டியில் கைப் பம்பால் வேக்குவம் கொடுத்து ராட் சீராக முழு நீளமும் நகர்கிறதா, விட்டபின் அந்த நிலை நிற்கிறதா என்று சோதியுங்கள். நகரவில்லை என்றால் ஆக்சுவேட்டரோ டர்போவோ காரணம். நகர்ந்தும் சாலையில் இழுவை இல்லை என்றால் ஆக்சுவேட்டருக்கு வேக்குவம் வராமல் இருக்கலாம். எஞ்சினோடு ஓடும் வேக்குவம் பம்பின் வெளியீட்டில் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) 600 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருக்க வேண்டும். பிரேக் பெடல் அண்மைக் காலத்தில் கடினமாகியிருந்தால் இந்தச் சந்தேகம் வலுப்பெறும், ஏனெனில் பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான் வேக்குவம் தருகிறது.

காமன் ரெயில் வண்டியில் மேனிஃபோல்ட் பிரஷர் சென்சரையும் இந்தப் படியிலேயே சரிபார்த்துவிடலாம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட விடாமல், ஸ்கேனரில் காட்டும் அழுத்தத்தைப் படியுங்கள்; அது அந்த இடத்தின் வளிமண்டல அழுத்தமாக இருக்க வேண்டும். சென்னையில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் வரும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 77 அளவில்தான் வரும். மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த வண்டி ஊட்டியில் புறப்படும்போது சற்றுச் சோம்புவது காற்றின் அடர்த்தியால் வருவது. அதைக் கோளாறாக எண்ணிப் பாகங்களை மாற்ற வேண்டாம்.

## 9. ஈ.ஜி.ஆர். வால்வு

எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் இந்த வால்வு, முழு ஆக்ஸிலேட்டரில் மூடியிருக்க வேண்டும். கரி படிந்து திறந்தே நின்றுவிட்டால் நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கரும்புகையும் கீழ் ஆர்.பி.எம். சோம்பலும் சேர்ந்து வருவது இதன் அடையாளம்.

வேக்குவத்தால் இயங்கும் வால்வாக இருந்தால் அதன் ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை அடைத்துவிட்டு, இரண்டாம் படியில் குறித்த சாலையில் ஓட்டுங்கள். முன்னேற்றம் தெரிந்தால் வால்வுக்குக் கட்டளை தவறாக வருகிறது, அதற்கு வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டைப் பாருங்கள். முன்னேற்றம் இல்லாததால் வால்வு நலம் என்று முடிவு செய்யக் கூடாது. கரியால் திறந்து நிற்கும் வால்வு, வேக்குவம் நின்றாலும் மூடாது. அதைக் கழற்றிக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். கழற்றியபோது மேனிஃபோல்டின் வாய் கரியால் சுருங்கியிருந்தால் அதையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுவது பல இடங்களில் செய்யப்படுகிறது. அது மாசுக் கட்டுப்பாட்டு விதிக்குப் புறம்பானது, காமன் ரெயில் வண்டியில் புதிய கோடுகளையும் உண்டாக்கும்.

## 10. சைலன்சர் அடைப்பு

குழாயின் அடியில் நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சரைக் கையால் தட்டும்போது உள்ளே தகடு உருளும் சத்தம் கேட்டால் உள்தடுப்பு உடைந்திருக்கிறது. டர்போவுக்குப் பின்னால் உள்ள முதல் இணைப்பை, எஞ்சின் குளிர்ந்தபின் தளர்த்திச் சிறிது தூரம் ஓட்டினால் சத்தம் அதிகமாக இருந்தாலும் இழுவை திரும்புகிறதா என்பது தெரிந்துவிடும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், புகை கேபினுக்குள் வரும்.

## 11. டீசல் வரும் வழி

தொட்டியின் மூடியிலிருந்து தொடங்குங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் ஓட ஓடத் தொட்டிக்குள் வேக்குவம் உருவாகி டீசல் வரத்து குறையும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்ற சத்தம் வந்து, அதன் பின் சிறிது நேரம் வண்டி நன்றாக இழுத்தால் காரணம் கிடைத்துவிட்டது.

ஃபில்டர் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றால் இப்போதே மாற்றுங்கள்; அதற்கு முன் அடியில் தேங்கிய நீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள். பிறகு ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒளிபுகும் ஹோஸைப் பொருத்தி எஞ்சினை ஓட விடுங்கள். தொடர்ச்சியாகக் குமிழ்கள் வந்தால் தொட்டிக்கும் அந்த இடத்துக்கும் இடையே காற்று உள்ளே நுழைகிறது. உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ஈரம் இல்லை என்பதை வைத்து லைன் நலம் என்று நினைப்பது தவறு. கைப் பிரைமரின் ரப்பர் சப்பிக்கொண்டே இருந்தால் தொட்டிக்குள் உள்ள வலை அடைத்திருக்கிறது.

மெக்கானிக்கல் பம்பில் பலர் தவறவிடும் ஓர் இடம் உண்டு. பம்பின் தலையில் உள்ள டயாஃப்ரத்துக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வரும். டர்போ அழுத்தம் அந்த வழியாக வந்து சேர்ந்தால்தான் பம்ப் கூடுதல் டீசல் தரும். ஹோஸ் வெடித்தாலோ டயாஃப்ரம் கிழிந்தாலோ, எட்டாம் படியில் டர்போ அழுத்தம் சரியாக இருந்தும் புகையே இல்லாமல் வண்டி சோம்பும். இதைப் பார்க்காமல் முழு டீசல் ஸ்குருவைத் திருகி அளவைக் கூட்டினால், கீழே இழுவை கொஞ்சம் வரும், மேலே கரும்புகையும் அளவுக்கு மீறிய வெப்பமும் சேர்ந்து வந்து பிஸ்டனைக் கெடுக்கும்.

காமன் ரெயில் வண்டியில் ஸ்கேனரில் ரெயில் பிரஷரின் கேட்ட அளவையும் (கணினி கேட்பது) உண்மை அளவையும் அருகருகே வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டுங்கள். ஐடிலில் இரண்டும் 250 முதல் 350 பார் அளவில் ஒத்துப்போய், கீழ் ஆர்.பி.எம்.மில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் உண்மை அளவு பின்தங்கினால், வரத்து போதவில்லை அல்லது இன்ஜெக்டர்கள் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பவை) டீசலைத் திருப்பி விடுகின்றன. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பம்ப் தள்ளும் அளவு குறைவு என்பதால், இன்ஜெக்டர் கசிவு முதலில் கீழ் வேகத்தில்தான் வெளிப்படும். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் இணைப்புகளை நான்கு ஒரே அளவுப் புட்டிகளில் விட்டுச் சில நிமிடம் ஓட விடுங்கள். ஒன்றில் மட்டும் மிகக் கூடுதலாக நிரம்பினால் அதுவே குற்றவாளி.

ஓர் எச்சரிக்கை. மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது வழக்கம். காமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கு அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும். காமன் ரெயிலில் இந்தச் சோதனையை ஸ்கேனர் வழியாக மட்டுமே செய்யுங்கள்.

## 12. இவையெல்லாம் சரியாக இருந்தால்

வால்வு இடைவெளி, டைமிங், கம்ப்ரஷன் ஆகிய மூன்றும் கடைசியில் வருவதற்குக் காரணம், இவற்றுக்குக் கழற்றும் வேலை அதிகம், தனிக் கருவியும் வேண்டும். வால்வு இடைவெளியை முதலில் சரிசெய்யுங்கள். இறுகிய வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷனைக் குறைத்துக் காட்டும். கம்ப்ரஷன் பார்க்கப் பெட்ரோல் எஞ்சினின் கேஜைப் பயன்படுத்தக் கூடாது, அது டீசலின் அழுத்தத்தைத் தாங்காது. நான்கு சிலிண்டர்களின் எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதை முதன்மையாகக் கவனியுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் வண்டியைப் பம்ப் கடைக்கோ எஞ்சின் பட்டறைக்கோ கொண்டு செல்வதாக இருந்தால், "வண்டி இழுக்கவில்லை" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். 20 முதல் 50 கிலோமீட்டர் வரையிலான நேரம், புகையின் நிறம், டர்போ அழுத்தம், ரெயில் பிரஷர் அல்லது டயாஃப்ரம் ஹோஸின் நிலை, நான்கு சிலிண்டர் கம்ப்ரஷன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது அதே சாலையில் அதே பளுவோடு மெக்கானிக்கையும் உடன் வைத்து ஓட்டி, நேரத்தை மறுபடி குறித்த பிறகு பணம் கொடுங்கள்.